எறும்பின் சாட்சி

அம்மாவின் டெஸ்ட் ட்யூபுக்கு வீட்டுக்குள் இடமில்லை. சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒரு மாடம் உண்டு. ஸ்பிரிட் விளக்கு, மரக் கிடுக்கி, இங்க் ஃபில்லர், நீல மருந்து பாட்டில் எல்லாம் அங்கேதான். சிறுநீர் பட்ட எதுவும் உள்ளே வரக்கூடாது. சோதித்து முடித்து, கைகால் கழுவி, விபூதி இட்டுக்கொண்டுதான் அம்மா அடுப்படிக்கு வருவாள்.

1971ல் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அவளுக்கு 39 வயது, எனக்கு 14. சோதிக்கிற வேலை சீக்கிரமே என் கைக்கு வந்துவிட்டது. 5 மில்லி பெனடிக்ட் சொல்யூஷன், அதில் 8 சொட்டு சிறுநீர். குழாயைச் சாய்த்துப் பிடித்து, பொங்கி வழியாமல் ஆட்டி ஆட்டிச் சுட வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கினால் நிறைய. அம்மா குழாயைப் பார்க்க மாட்டாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் குழாய் சிவந்தபோது அத்தை கொல்லை வாசலில் நின்றிருந்தார். "போன ஜென்மத்துல எந்தப் பிள்ளை வாயிலேருந்து இனிப்பைப் பிடுங்கினாளோ, உடம்பு இப்ப கொட்டித் தீர்க்குது" என்றார். அத்தை கெட்ட மனசுக்காரர் இல்லை. அம்மாவுக்கு ஜுரம் என்றால் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பேச்சு அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கற்கண்டு வாங்கிக் குளத்தங்கரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். கபாலி கோயிலில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே ஒரு பருக்கையை நாக்கில் வைத்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டுவாள். அது பத்தியம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிராயச்சித்தம் என்று பின்னால்தான் புரிந்தது.

அத்தையின் அந்த ஒரு பேச்சோடுதான் இந்த 50 வருஷமும் எனக்கு வழக்கு. சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. அதற்கு என்ன அர்த்தம்? அதிலிருந்து எதுவரை போய்ப் பேச நமக்கு உரிமை இருக்கிறது?

லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து 1979ல் தி. நகரில் ஒரு சின்ன லேபில் சேர்ந்து 36 வருஷம் அங்கேயே இருந்தேன். தி. நகர் ஏரிக்குள் எழுந்த ஊர். வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்று பெயர் வைத்திருந்த நீண்ட ஏரியை 1920களில் வற்ற வைத்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்ததாலோ என்னவோ, சிறுநீரகத்தை ஏரியாகத்தான் எனக்கு நினைக்கத் தோன்றும்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸும் இறங்குகிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பிறகு சிறுநீரகம் அந்தச் சர்க்கரையைக் கிட்டத்தட்ட ஒன்றுவிடாமல் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராம் வாக்கில் ஏறும்போதுதான் அதன் கை ஓய்கிறது, மிச்சம் வழிகிறது. ஏரிக்குக் கலங்கல் போல. தண்ணீர் கலங்கல் மட்டத்தைத் தாண்டினால்தான் வெளியே வரும்.

ஆனால் எல்லா ஏரிக்கும் கலங்கல் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே தாழ்ந்த கலங்கல். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் மட்டும் வாழ்நாள் முழுக்கக் காட்டும்; பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இராது. கர்ப்பிணிகளுக்கு அந்த மாதங்களில் மட்டும் கலங்கல் தாழும். அதனால்தான் கர்ப்பகாலச் சர்க்கரையைச் சிறுநீரை வைத்து முடிவு செய்வதில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கர்ப்பிணியும் விடுபடக்கூடாது என்று வற்புறுத்தியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வயதானவர்களுக்கோ கலங்கல் உயர்ந்துவிடும். இரத்தத்தில் சர்க்கரை எகிறி நிற்கும், குழாய் நீலமாகவே இருக்கும்.

1984 வாக்கில் ஒரு இளம்பெண் மாமியாரோடு வந்தாள். குழந்தை பிறந்து இரண்டு மாதம். புடவைத் தலைப்பு பால் கட்டி நனைந்திருந்தது. குழாய் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போயிற்று. கதவருகே நின்ற மாமியார், "எங்க குடும்பத்துல யாருக்கும் இது கிடையாது" என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. பெனடிக்ட் சொல்யூஷனுக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் தெரியும் என்பதில்லை. பாலில் இருக்கிற லாக்டோஸையும் அது சர்க்கரை என்றுதான் சொல்லும். வைட்டமின் சி அதிகம் இருந்தாலும் ஏமாறும். குளுக்கோஸுக்கு மட்டும் நிறம் மாறும் பட்டை எங்களிடம் இருந்தது. விலை அதிகம் என்பதால் அளந்து செலவழிப்போம். ஒன்றை எடுத்து நனைத்தேன். நிறம் மாறவே இல்லை. "இது பால் சர்க்கரைம்மா. சுரந்தது குழந்தைக்குப் போக மிஞ்சி இறங்குது. இது வியாதி இல்லை. இரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்றேன். இரத்தமும் சரியாகவே இருந்தது. எதை நோய் என்றும், குலத்துக்குக் குறை என்றும் ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதினார்களோ, அது தாய்ப்பால்.

ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமை மாலைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். காட்சி, கருதல், உரை என்று அளவைகளில் தொடங்குவார்கள். கருதல் என்றால் ஒன்றைக் கண்டு காணாத இன்னொன்றை உணர்வது. அதைச் சொல்ல வந்த ஐயா, பௌத்த நூல் என்று ஒதுக்காமல் மணிமேகலையை எடுத்துக்கொண்டார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. மலையையும் அடுக்களையையும் ஒரே வரிசையில் வைத்த அந்த உதாரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதோடு அடிகள் நிறுத்தவில்லை. ஏது, அதாவது காரணம், போலத் தோன்றி ஏமாற்றும் ஏதுப்போலிகளையும் வகைப்படுத்துகிறார். அதில் ஒன்று அநைகாந்திகம்: நெருப்பு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படுகிற அடையாளம். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டமுடியாது.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது என் 36 வருஷமும் எதிரே வந்து நின்றது. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நீரிழிவு. பெரும்பாலும் சரிதான். அதனால்தான் யாருக்குக் காட்டினாலும் அலட்சியம் செய்யாதீர்கள், உடனே இரத்தம் பாருங்கள் என்று இன்றும் சொல்கிறேன். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் எடை குறைவதும் சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. ஆனால் தாழ்ந்த கலங்கல்காரரிடம் புகை இருந்தும் நெருப்பு இல்லை. வயதானவரிடம் நெருப்பு இருந்தும் புகை இல்லை. கண்ணால் காணக்கூடிய, கையால் சுட்டுப் பார்க்கக்கூடிய இரண்டு பொருள்களுக்கு நடுவிலேயே உறவு இவ்வளவு வழுக்குகிறது. அப்படியிருக்க, குழாய் சிவந்ததைப் பார்த்து, யாரும் காணாத போன ஜென்மத்தில் ஒரு பிள்ளை வாயிலிருந்து பிடுங்கிய இனிப்பு வரைக்கும் அத்தை எந்த ஏதுவைப் பிடித்துக்கொண்டு போனார்?

ஐசிஎம்ஆரும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. 10 கோடிப் பேரும் குழந்தைகளிடம் இனிப்பைப் பிடுங்கினார்களா? பரம்பரை, தீட்டிய அரிசி, இடுப்பைச் சுற்றிய சதை, உட்கார்ந்தே கழியும் நாள் என்று கண்ணெதிரே இத்தனை காரணங்கள் இருக்கும்போது, காணாததற்குத் தாவுவதை நான் பக்தி என்று ஏற்கமாட்டேன்.

வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. மறுத்தால் வியாழக்கிழமை வகுப்பில் எனக்கு என்ன வேலை? ஆணவம், கன்மம், மாயை என்பதை நம்புகிறவள்தான். ஆனால் கன்மம் உண்டு என்று நம்புவது வேறு. இன்னாருக்கு இன்ன நோய் வந்தது இன்ன வினையால் என்று பெயர் சொல்லிக் கணக்கு வாசிப்பது வேறு. அந்தக் கணக்கு இறைவன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே அதை நாம் பிரித்துப் படிக்கக்கூடாது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் ஓர் உவமை வைக்கிறார். வைத்தியர் ஒரு நோய்க்குக் கத்தி எடுப்பார், இன்னொரு நோய்க்கு வெல்லமும் பாலும் கொடுப்பார். அவருக்கு இரண்டும் சிகிச்சைதான், இறைவன் தரும் துன்பமும் இன்பமும் அப்படியே என்கிறார். அவர் காட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வைத்தியர், நீதிபதி இல்லை. அம்மாவுக்கு இதை அன்றே யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

அதைவிட நேராகச் சொன்னவர் சம்பந்தர். கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அதன் முதல் பாட்டே இந்த வழக்கைத்தான் எடுக்கிறது. முன்வினையால் வந்தது என்று சொல்லத் தெரிந்த நீங்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்டுவிட்டு, கையால் தொண்டு செய்து இறைவனை வணங்குவோம் வாருங்கள் என்கிறது. அடியார்களில் யாருடைய வினை என்று அவர் விசாரிக்கவில்லை. அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் கைகளைப் பார்த்துக்கொள்வேன். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் குழாய்களைச் சுட வைத்திருக்கிறேன். அதையும் அவர் சொன்ன தொண்டோடு சேர்த்துக்கொள்ள எனக்கு ஆசை.

ஆனால் அம்மா விடுதலை ஆனது என் தருக்கத்தால் அல்ல.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற சாலையில் கோயில்வெண்ணி இருக்கிறது. கரிகாலன் வென்ற வெண்ணிப் போர் நடந்த ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சுவாமிக்குக் கரும்பேஸ்வரர் என்று பெயர், கரும்புகளைக் கட்டி நிறுத்தியது போல லிங்கத் திருமேனி. சர்க்கரை வியாதிக்காரர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து பிரகாரத்தைச் சுற்றித் தூவுவார்கள். எறும்பு சர்க்கரையை எடுத்துக்கொண்டு போனால் நோய் இறங்கும் என்பது நம்பிக்கை. மன்னார்குடி உறவுக்காரர் சொல்லி, 2001ல் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

சம்புடத்திலிருந்து அம்மா பிடி பிடியாக எடுத்துத் தூவினாள். பிறகு முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். கல்தளத்து இடுக்கிலிருந்து ஒரு கட்டெறும்பு வந்தது. ரவையை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. சர்க்கரைப் பரல் ஒன்றைக் கவ்வி, தலையைத் தூக்கிக்கொண்டு, வெயில் பட்ட கல்லைத் தாண்டி நிழலுக்குள் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. அம்மா அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

சரக சம்ஹிதையில் மதுமேகம் முதலான பிரமேக நோய்கள் வருமுன் காட்டும் அடையாளங்களில் ஒன்று, உடலையும் சிறுநீரையும் எறும்பும் வண்டும் மொய்ப்பது. லண்டனில் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் தேனாக இனிக்கிறது என்று எழுதியது 1674ல். அதைக் காய்ச்சிச் சுண்ட வைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று மாத்யூ டாப்சன் காட்டியது 1776ல். இவர்களுக்கெல்லாம் முன்னால் நம் வைத்தியர்கள் எறும்பின் சாட்சியத்தை ஏற்றிருந்தார்கள். கொல்லையில் ஒதுக்கி வைத்த சிறுநீருக்கும் கோயில் பிரகாரத்துக்கும் எறும்பு ஒரே மாதிரிதான் வருகிறது. அதற்குத் தீட்டு கிடையாது.

ஊர் திரும்பிய பிறகு மூன்று வாரமும் அம்மாவின் குழாய் நீலமாகவே நின்றது. கருவிகள் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் அவளுக்குக் குழாய் வேண்டும். "பாத்தியா, எடுத்துட்டார்" என்றாள். எனக்குள் கலவரம். சாப்பிட்ட பின் இரத்தம் எடுத்துப் பார்த்தேன். 230. அவளுக்கு 69 வயது, கலங்கல் உயர்ந்திருந்தது. ஏரி நிரம்பித்தான் இருந்தது, வழியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் சொல்லாமல் சுமந்தேன். மூன்றாம் நாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கலங்கலையும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லி கரும்பேஸ்வரர் எங்கிட்ட சொல்லலையேடி" என்றாள். கை கீரையிலேயே இருந்தது. "வியாதியப் போக்குன்னு நான் கேக்கவே இல்ல. பிடுங்கினது எதுவா இருந்தாலும் திருப்பிக் குடுத்தாச்சு. அதுங்க வாங்கிட்டுப் போச்சு. நீயும்தான பாத்த."

அந்த வெள்ளிக்கிழமை கபாலி கோயிலில் தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு பருக்கை அல்ல, ஒரு வாய் நிறைய எடுத்தாள். மென்று விழுங்கிவிட்டு, "நெய் நல்லா மணக்குது" என்றாள். 30 வருஷத்துக்கு அப்புறம். மிச்சத்தை எனக்குக் கொடுத்தாள். அத்தையின் பேச்சை என் படிப்பால் அசைக்க முடியவில்லை. ஒரு பிடி ரவையும் சர்க்கரையும் அசைத்தது. வெண்ணியில் நடந்ததைக் குணம் என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால், இரத்தத்தின் எண்ணையும் சொல்வேன், இந்த ஒரு வாய்ப் பொங்கலையும் சொல்வேன். இரண்டும் என் கண்ணால் கண்டவை. 2006ல் போய்ச்சேரும் வரை மாத்திரையையும் அவள் ஒரு வேளை தவறவிட்டதில்லை.

எனக்குச் சர்க்கரை 52 வயதில் வந்தது. இப்போது நான் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின். சிறுநீரகம் சர்க்கரையைத் திருப்பி உறிஞ்சுகிற வழியை அது அடைக்கிறது. கலங்கலை நாமே இடித்துத் தாழ்த்துகிறோம். ஏரி மட்டம் இறங்குகிறது. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளில் தொடங்கிய வழி இது. 2020ல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று சர்க்கரை இல்லாதவர்களுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். இதைச் சாப்பிடுகிறவரின் சிறுநீரை எப்போது சோதித்தாலும் சர்க்கரை நிறையக் காட்டும். அம்மா எந்தச் சிவப்பைக் கண்டு நடுங்கினாளோ, அதே சிவப்பு இன்று மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஒன்றை நிறுவ வந்த ஏது அதற்கு நேர்மாறானதை நிறுவினால் அறவண அடிகள் அதற்கு விருத்தம் என்று பெயர் சொல்கிறார். (கந்த சஷ்டி, ஏகாதசி, ரமலான் என்று எந்த விரதமானாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவேண்டாம். இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று வரலாம்.)

போன வாரம் குளியலறை வாசலில் எறும்பு வரிசை. வீட்டு வேலைக்கு வரும் பெண் துடைப்பமும் பூச்சி மருந்துமாக நின்றுவிட்டாள். 38 வயது, மந்தைவெளியிலிருந்து வருகிறாள். "அம்மா, உங்களுக்குச் சுகர் ஏறிடுச்சா?" என்றாள். இல்லை, மாத்திரை இறக்குகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எங்க வீட்டாண்டயும் வருதும்மா. எங்கம்மாவுக்கு இருந்துச்சு. எங்க மாமியார் என்னென்னவோ சொல்லுது. என்ன பாவமோன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

தாகம் எடுக்கிறதா என்று கேட்டேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். நான்கு என்றாள்.

பூச்சி மருந்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொன்னேன். மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் ஏழரை மணிக்கு வரச் சொன்னேன். மாநகராட்சி சுகாதார நிலையம் எட்டு மணிக்குத் திறக்கும், நானும் கூட வருகிறேன் என்றேன்.